ஊரில் இல்லாத பேர்

இன்பாஸும் றிஸ்லாவும் காதலிக்கிறார்கள் என்று ஸுஹைறா சொன்னது ஒரு உதாரணத்துக்குத்தான். காலையில் வகுப்பில் சொன்னாள். பின்னேர அஸர் தொழுகைக்குள் அந்தச் செய்தி சாய்ந்தமருதுக்குப் போய், நிந்தவூருக்குப் போய், திரும்பக் கல்முனைக்கு வந்தபோது இரண்டு பேரும் ஓடியே போயிருந்தார்கள்.

முதலில் வந்தவர், ஊரில் உண்மையிலேயே இருந்த ஒரு றிஸ்லாவின் வாப்பா. சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தன் மகள் இரண்டு பிள்ளைகளின் தாய், மருமகன் கட்டாரில், அவருக்கு இப்போது வட்ஸ்அப்பில் செய்தி போய்விட்டது, இதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இன்பாஸும் வந்துவிட்டான். சந்தையில் போன் கடை வைத்திருப்பவன். கையில் ஒரு தலையணை. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. ஆகையால் சண்டை வந்தால் வெளியே போகிறவர் புருசன்தான்.

றிஸ்லா என்று ஒருத்தியைத் தன் வாழ்நாளில் கண்டதே இல்லை, காணவும் விருப்பமில்லை என்று இன்பாஸ் சத்தியம் செய்தான். றிஸ்லாவின் வாப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன், என்ட மகளுக்கு என்ன குறை?"

இருவரையும் பிளேன்டித் தேநீர் கொடுத்து அனுப்பி வைப்பதற்குள் பயிற்சி நிலையத்தின் பொறுப்பாளர் றம்ஸீனுக்கு வியர்த்துவிட்டது.

"அது ஒரு உதாரணம் சேர்," என்றாள் ஸுஹைறா. "கணக்குப் பாடத்தில, ஒருத்தர் பத்து மாம்பழம் வாங்கினார் எண்டு செல்றல்லையா, அது மாதிரி."

"மாம்பழத்துக்கு வாப்பா இல்ல மிஸ்."

அந்த நிலையத்துக்கு வருகிறவர்கள் பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட பிள்ளைகள். பதினாறு, பதினேழு வயது. தையலும் ஏ.சி. திருத்தமும் கேக் அடிப்பதும் பழக வருகிறார்கள். சிலருக்கு உம்மா வெளிநாட்டில், வாப்பா இன்னொரு குடும்பத்தில். ஒருத்தி ஒருவனோடு போய்த் திரும்பி வந்தவள். ஒருவன் கையில் ஒரு பேரைப் பச்சை குத்திவிட்டு, அந்தப் பேருக்குரியவள் கதைக்காததால் சோறு உண்ணாமல் திரிந்தவன். இவர்களுக்குத்தான் வாரத்தில் இரண்டு நாள் ஸுஹைறா படிப்பித்தாள். காதல் எது, மிரட்டல் எது என்று பிரித்துப் பார்ப்பது. என் உடம்பு என்னுடையது என்று சொல்வது. கூடாத நோய்கள் எப்படி வருகின்றன, சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் எந்த டாக்டரிடம் போவது. எல்லாவற்றையும் மூடி மறைக்காமல் சொன்னாள். பிள்ளைகள் முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் கேட்கத் தொடங்கினார்கள்.

கலியாணமே முடிக்காத கொமர் இதில் என்னத்தைப் படிப்பிக்கிறது என்று ஊர் கேட்டது. நாற்பத்து மூன்று வயதிலும் ஊருக்கு அவள் கொமர்தான். அவளுக்குக் கலியாணம் பேசுவதற்கென்று வாப்பா நிந்தவூரில் கல்வீடு கட்டினார். வீடு முடிந்தது, மாப்பிள்ளை வரவில்லை. வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு, மாப்பிள்ளைக்கென்று கட்டிய வீட்டில் மாப்பிள்ளை இல்லாமல் அவள் குடியிருந்தாள். வாசலில் எப்போதும் ஒரு சோடிச் செருப்பு. அடுத்த வளவு நாச்சியா ராத்தா மதிலுக்கு மேலால் எப்போதாவது எட்டிப் பார்ப்பதோடு சரி. வகுப்பில்தான் அவளோடு நாலு பேர் கதைத்தார்கள். அதையும் மூடிவிட்டால் அந்த வீட்டோடு தனியே இருக்க வேண்டும். அதை நினைக்க அவளுக்கு உள்ளபடியே பயமாக இருந்தது.

ஆகவே அடுத்த வகுப்பில் பேரை மாற்றினாள். இந்தப் பக்கத்துப் பேர் வேண்டாம் என்று டிலக்சன், கேதீஸ்வரி என்று வைத்தாள். பாண்டிருப்பு, காரைதீவுத் தமிழ்ப் பிள்ளைகளும் வகுப்பில் இருந்தார்கள் என்பதை அந்த நேரம் யோசிக்கவில்லை.

டிலக்சன் என்று தம்பிலுவிலில் ஒரு பொடியன் கலியாணத்துக்கு நாள் வைத்திருந்தான். பெண் வீட்டார், யார் இந்தக் கேதீஸ்வரி என்று விசாரித்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் போய் ஒரு வீட்டுக் கேற்றைத் தட்டியிருக்கிறார்கள். திறந்தவர் ஓய்வுபெற்ற அதிபர். வயது அறுபதுக்கு மேலே. அம்மையார் கோபப்படவே இல்லையாம். பொடியன் என்ன வேலை என்று மட்டும் கேட்டாராம்.

றம்ஸீன் ஸுஹைறாவைக் கூப்பிட்டு, இது இனப்பிரச்சினையில் கொண்டுபோய் விடும் என்றார். அப்படியென்றால் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று எடுக்கட்டுமா என்று அவள் கேட்டாள். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

மூன்றாம் தடவை பேரே வைக்கவில்லை. அவன், அவள். அதோடு தொல்லை தீர்ந்தது என்று நினைத்தாள். பேர் இல்லாமல் போனதும் ஊரில் உள்ள அத்தனை பெண்பிள்ளைகளும் அந்த 'அவள்' ஆகிவிட்டார்கள். 'அவன்' 'அவளிடம்' போன் லொக் நம்பர் கேட்டான் என்ற பாடத்தைக் கேட்டுவிட்டு ஐந்து உம்மாமார் ஐந்து போன்களைப் பறித்தார்கள். வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஹுஸ்னியா என்ற பிள்ளையை வீட்டில் மறித்தே வைத்துவிட்டார்கள்.

அது ஸுஹைறாவுக்குச் சுட்டது. ஏனென்றால் ஹுஸ்னியாவுக்கு உண்மையிலேயே ஒருவன் இருந்தான். அன்பு இருந்தால் லொக் நம்பரைத் தா, அன்பு இருந்தால் போட்டோ அனுப்பு என்று கேட்கிறவன். அந்தப் பிள்ளை வகுப்பு முடிந்தும் போகாமல் மேசையைத் துடைத்துத் துடைத்து நின்று முன்பு ஒருநாள் அதைச் சொல்லியிருந்தது. ஸுஹைறா அவளுடைய உம்மாவின் வீட்டுக்குப் போய், கெஞ்சி, கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னும் ஒரேயொரு புகார், மிஸ்," என்றார் றம்ஸீன். "ஒண்டு வந்தாலும் வகுப்ப மூடத்தான் வேணும். என்னில கோவிக்கப்படாது."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவளுக்கு யோசனை வந்தது. பெண்ணுக்குத் தன் பேரையே வைத்தால் யார் புகார் சொல்வது? தானே போய்த் தன்னைப் பற்றிப் புகார் சொன்னால்தான் உண்டு. ஆணுக்கு மட்டும் ஒரு பேர் வேண்டும். இந்தக் கரையில் ஒருவருக்கும் இல்லாத பேர். யோசித்து யோசித்துப் பார்த்ததில், மார்க்கக் கிதாபுகளில் வருகிற மாதிரி ஒரு பேர் வாயில் வந்தது. தாஜுல் ஆரிபீன்.

அவள் ஏறியிருந்தது மந்திரியின் ஓட்டோ. அவரை ஊரில் சின்னது பெரியது எல்லாம் மந்திரி என்றுதான் கூப்பிடும். ஒரு தேர்தலில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வாக்குக் கேட்டு ஓடியவர். வேட்பாளர் தோற்றுப்போனார், ஓட்டோக்காரர் மந்திரியானார். வகுப்பு நாட்களில் அவளைக் கூட்டிவந்து விட்டுவிட்டு, வகுப்பு யன்னலுக்குக் கீழே வேம்பு நிழலில் ஓட்டோவைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். பெண்சாதி மௌத்தாகி ஆறேழு வருசம். அதிகம் கதைக்காத மனிசன்.

"மந்திரி, இந்தப் பக்கம் தாஜுல் ஆரிபீன் எண்டு ஆரும் இரிக்காங்களா?"

ஓட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"அப்பிடி ஒருத்தர ஆரும் கூப்பிட்டு நான் கேட்டதில்ல மிஸ்," என்றார் அவர்.

வகுப்பில் கேட்டாள், ஒருவருக்கும் தெரியாது. றம்ஸீனிடம் கேட்டாள், அவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். நாச்சியா ராத்தாவுக்குத் தெரியாத பேர் நிந்தவூரில் இருக்க வழியில்லை, அவவுக்கும் தெரியாது.

அப்படித்தான் ஸுஹைறாவும் தாஜுல் ஆரிபீனும் காதலிக்கத் தொடங்கினார்கள்.

முதல் பாடம், கேட்பது. தாஜுல் ஆரிபீன் தனக்குப் பிடித்தவள் என்பதற்காக ஸுஹைறாவை எதற்கும் நெருக்க மாட்டார். கதைக்க விருப்பமா என்று கேட்பார். இல்லை என்றால் சரி என்பார், முகத்தைத் தூக்க மாட்டார். அவள் பேசாமல் இருந்தால் அதை ஓம் என்று எடுக்க மாட்டார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். இப்படி ஒரு ஆம்பிளை உண்மையில் இருப்பானா மிஸ் என்று ஹுஸ்னியா கேட்டாள். இருப்பார் என்றாள் ஸுஹைறா, கொஞ்சம் யோசித்துவிட்டு.

அன்று பின்னேரம் ஓட்டோவை எடுக்குமுன் மந்திரி திரும்பிப் பார்த்தார்.

"மிஸ், கதைச்சுக்கொண்டு போக விருப்பமா, இல்லாட்டி நான் பேசாம ஓட்டட்டா? வேணாம் எண்டாலும் கோவிக்க மாட்டன்."

இந்த மனிசனுக்கு என்ன நடந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அவளிடம் அப்படி யாரும் கேட்டு எத்தனையோ காலம். கதைங்க என்றாள். காரைதீவு தாண்டும் வரை மீன் விலையைக் கதைத்தார். மாவடிப்பள்ளிச் சந்தி தாண்டியதும், பெண்சாதி போனபிறகு தனக்கு மட்டும் சோறு சமைக்கப் பழகியதைச் சொன்னார். அளவு எப்போதும் கூடிப்போகுமாம். ஸுஹைறாவுக்கும் அளவு கூடிப்போவதுதான். அதை அவள் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஓட்டோவில் ஏறுவது பாராளுமன்றத்துக்குப் போகிற மாதிரி ஆகிவிட்டது. மழைத்தாளை இறக்க அனுமதி, குறுக்கு வீதியால் போக அனுமதி, ஹோன் அடிக்க அனுமதி. ஒருநாள் அவள் போனை ஆசனத்தில் மறந்துவிட்டு இறங்கிவிட்டாள். மறுநாள் அதை ஒரு புதுக் கைக்குட்டையில் சுற்றி நீட்டினார்.

"உள்ளுக்குப் பாக்கல்ல மிஸ். அது உங்கட."

தாஜுல் ஆரிபீன் ஸுஹைறாவின் போன் லொக் நம்பரைக் கேட்க மாட்டார் என்ற பாடம் நடந்தது முந்திய நாள்தான். ஸுஹைறா அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அவளுக்கு அப்போது வேறு கவனம்.

ஊர் அந்தக் காதலை நம்பிவிட்டது. ஸுஹைறா மிஸ்ஸுக்கு யாரோ தாஜுல் ஆரிபீனாம், நல்ல மனிசனாம், கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டாராம். நாச்சியா ராத்தா எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு வாசலாலேயே வந்தா, கையில் ஒரு கோப்பை பாலாணக் கறியோடு. மாப்பிள்ளை கட்டாரா, சவூதியா என்று கேட்டா. மீன்காரன் நல்ல மீனை அவளுக்கென்று எடுத்து வைத்தான். நிலையத்துக்கு முன்னால் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் மீராமுகைதீன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குப் பிளேன்டி ஊற்றும்போது சிரித்துக்கொண்டு, மந்திரிக்கும் ஒன்று போடட்டா மிஸ் என்பார். அவள் ஓம் என்பாள். பாவம், வெளியில் காத்துக்கொண்டிருக்கிற மனிசன்தானே.

முதலில் இல்லையென்று மறுத்துப் பார்த்தாள். பிறகு மறுப்பதை விட்டுவிட்டாள். வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. ஒருநாள் குசினியில் நின்று, "தாஜுல் ஆரிபீன், மழ வரப்போகுது, உடுப்ப எடுக்கணும்," என்று வாய்விட்டே சொன்னாள். ஒருவரும் ஓம் என்று சொல்லவில்லை. உடுப்பை அவளே போய் எடுத்தாள்.

வகுப்பில் தாஜுல் ஆரிபீன் நாளுக்கு நாள் நல்லவராகிக்கொண்டே போனார். சத்தம் போட்டுக் கதைக்க மாட்டார். வெளியில் காத்திருந்தாலும் முணுமுணுக்க மாட்டார். தனக்கு மட்டும் சமைக்கும்போது அளவு கூடிப்போகும். இந்தக் குணமெல்லாம் எங்கேயிருந்து வருகிறது என்று அவள் யோசிக்கவில்லை. நோய்கள் பற்றிய பாடத்தில் தாஜுல் ஆரிபீன் கலியாணத்துக்கு முன்னால் தானே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதித்துக்கொண்டார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதுதான் மரியாதை என்றாள்.

இரண்டு நாள் கழித்து மந்திரியின் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. சீனி வருத்தமா என்று அவள் கவலையோடு கேட்டாள்.

"சீனி இல்ல மிஸ், ஒண்டும் இல்ல. எல்லாம் கிளீன்," என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி.

நல்லது, இந்த வயதில் அப்படிக் கவனமாக இருக்கத்தான் வேண்டும் என்றாள் ஸுஹைறா. அவருடைய காது இரண்டும் சிவந்துபோயின. வெயில் என்று நினைத்தாள்.

புகார் கடைசியில் வந்தது, அவளுடைய வீட்டாரிடமிருந்தே. மூத்த அண்ணன் அதாவுல்லா காக்கா அக்கரைப்பற்றிலிருந்து வந்து றம்ஸீனின் அறையில் உட்கார்ந்துகொண்டார். பெருநாளைக்குக்கூட நிந்தவூர்ப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். தங்கச்சிக்கு ஒருவனாம், ஊரெல்லாம் கதையாம், தன்னிடம் வந்து பெண் கேட்காதவன் யாரவன் என்றார். அது பாடம் என்று ஸுஹைறா சொன்னாள். பாடமென்றால் இன்றைக்கே முடி, இல்லையென்றால் வகுப்பையும் முடி, நான் வெளியில் நின்று கேட்கிறேன் என்றார்.

ஸுஹைறா வகுப்புக்குப் போனாள். நடந்து போன அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு அழுகை வந்தது. இல்லாத ஒருவருக்காக அழுகிறோமே என்று வெட்கப்பட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

எப்படியும் அந்தப் பாடம் மிச்சமிருந்தது. வேண்டாம் என்று சொல்வதும், வேண்டாம் என்றதைக் கேட்டுக்கொள்வதும். ஹுஸ்னியா முன்வரிசையில் இருந்தாள். வாசலில் காக்கா. அவருக்குக் கேட்க வேண்டுமே என்று ஸுஹைறா குரலை உயர்த்தினாள்.

"ஸுஹைறா யோசிச்சுப் பாத்தா. தாஜுல் ஆரிபீன் நல்லவர். ஆனா அவளுக்கு விருப்பமில்ல. 'தாஜுல் ஆரிபீன், எனக்கு நீங்க வேணாம்' எண்டு நேர செல்லிட்டா. இப்ப நல்ல மனிசன் ஒருத்தர் என்ன செய்யணும்?"

பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஏன் ஏன் என்று கேட்டு அரிக்கக் கூடாது. அழுது பயம் காட்டக் கூடாது. போன் எடுக்கக் கூடாது. அவள் போகிற பாதையில் நிற்கக் கூடாது. வாகனத்தில் பின்னால் போகக் கூடாது. கௌரவமாக விலகிப் போக வேண்டும்.

"ஓம். தாஜுல் ஆரிபீன் அப்பிடித்தான் விலகிப் போனார்," என்றாள் ஸுஹைறா. பிள்ளைகள் கை தட்டவில்லை. பச்சை குத்திய பொடியன் மூக்கை உறிஞ்சினான். வெளியே எங்கேயோ ஒரு வாகனம் ஸ்டார்ட் ஆகிப் போனது.

அன்றைக்கு எல்லாமே சரியாக முடிந்தன. காக்கா திருப்தியோடு அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினார். றம்ஸீன் அடுத்த தவணையும் வகுப்பு உண்டு என்றார். ஹுஸ்னியா மேசையைத் துடைத்துத் துடைத்து நின்று, தானும் அவனுக்கு வேண்டாம் என்று சொல்லி புளொக் பண்ணிவிட்டதாகச் சொன்னாள். ஸுஹைறா அவளை அணைத்துக்கொண்டாள். வகுப்பும் தப்பியது, பிள்ளையும் தப்பியது. இதைவிட என்ன வேண்டும்?

வெளியே வந்தபோது வேம்பு நிழலில் ஓட்டோ இல்லை.

ஏதும் அவசரமாக இருக்கும் என்று பஸ்ஸில் போனாள். கொண்டக்டர் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினான். டிரைவர் காது கிழியப் பாட்டுப் போட்டான். யன்னலை ஒருவர் பட்டென்று சாத்தினார். யாரும் அவளிடம் எதையும் கேட்டுச் செய்யவில்லை.

வீட்டில் அன்று சமைத்தது இரண்டு பேருக்குக் காணும். நாச்சியா ராத்தாவும் வரவில்லை. மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம் என்று அந்த வீட்டுக்குள் கதைக்கும் சத்தம் மதிலுக்கு மேலால் வந்தது. தாஜுல் ஆரிபீன் என்று ஒருவர் இல்லை, அதனால் அவருக்காக மனம் நோகத் தேவையில்லை என்று அவள் தனக்குத்தானே படிப்பித்துப் பார்த்தாள். ஏறவில்லை. விசித்திரம் என்னவென்றால், அவரை நினைக்கப் போனால் மீன் விலைதான் ஞாபகம் வந்தது.

அடுத்த வகுப்புக்கும் ஓட்டோ வரவில்லை. அதற்கு அடுத்ததுக்கும் இல்லை. போன் எடுத்தாள், மணி அடித்து அடித்து நின்றது. கடைசியில் மீராமுகைதீனின் கடைக்குப் போய்க் கேட்டாள். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. ஒரேயொரு பிளேன்டியை ஊற்றி வைத்தார். மந்திரி இப்போது சவளக்கடைப் பக்கம் ஓடுகிறார், இனி இந்த மெயின் ரோட்டுக்கே வரமாட்டாராம் என்றார்.

"ஏன்? என்னட்ட ஒரு வார்த்த செல்லாம? நான் என்ன செஞ்சன் அந்த மனிசனுக்கு?"

மீராமுகைதீன் கோப்பையை அவள் பக்கம் தள்ளினார். அவரும் மந்திரியும் சின்ன வயதில் ஒரே பள்ளியில், ஒரே பாயில் இருந்து ஓதியவர்கள்.

"அவர்ர உம்மா மௌத்தான பொறகு அந்த மனிசன 'தாஜுல் ஆரிபீன்' எண்டு வாய் நிறையச் செல்லினது நீங்க ஒரு ஆள்தான் மிஸ்; 'வேணாம்' எண்டும் நீங்களே செல்லிட்டீங்க, மறுகா அவர் உங்கட பாதையில எப்பிடி வந்து நிப்பார்?"